சேர்க்கைப் பதிவேட்டில் மஞ்சள் படிந்தது பற்றி

நாள்: 27.08.2003, காலை 11 மணி.
பெயர்: மதலேனாள், வயது 51. கணவர் பெயர் இருதயம். விலாசம்: கோவில் தெரு, சவேரியார்பட்டி, உத்தமபாளையம் வட்டம், தேனி மாவட்டம்.

நான் மேற்படி விலாசத்தில் குடியிருக்கிறேன். அய்யன்மலை கலைக் கல்லூரியில் இருபத்தாறு வருடமாக வேலை பார்த்து, தற்போது அலுவலகக் கண்காணிப்பாளராக இருக்கிறேன். சேர்க்கைப் பதிவேடு வைக்கும் பீரோவின் சாவி என் பொறுப்பு. கல்லூரி முதல்வர் சூரியபிரகாஷ் 19ஆம் தேதி இந்தக் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரில், நான் அந்தப் பதிவேட்டைத் திருடிச் சென்றதாகவும் அதில் ஒரு பக்கத்தைப் பாழாக்கியதாகவும் சொல்லியிருக்கிறார். சார்பு ஆய்வாளர் அதை எனக்குப் படித்துக் காட்டினார். அதில் பாதி உண்மை. எடுத்துப் போனது நான்தான்.

எங்கள் கல்லூரியில் தமிழ் வழி தாவரவியல் பட்டப்படிப்பு இருக்கிறது. முதலாண்டில் இருபது பேருக்குக் குறைந்தால் அந்தப் பாடத்துக்கு இணைப்பு கிடையாது, உதவித்தொகையும் கிடையாது என்று பல்கலைக்கழக ஆட்சிக்குழு இந்த வருடம் தீர்மானம் போட்டது. சில கல்லூரிகள் இல்லாத பிள்ளைகளின் பெயரை எழுதி அனுப்பியதால், ஆய்வுக்குழு நேரில் வந்து ஒவ்வொரு மாணவரையும் பார்த்து, ஒரு கேள்வி கேட்டு, அசல் பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். அதனால் நான் கவலைப்படவில்லை.

அதன் பிறகு ஆய்வுக்கு ஆகஸ்டு 7 அல்லது 19, இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. முதல்வர் அதை என்னிடம் தள்ளிவிட்டார். எங்கள் ஊரில் மாதா கோவில் கொடியேற்றம் 6ஆம் தேதி. மறுநாள் நவநாள் பூசை எங்கள் தெருவின் முறை. விடுப்பு போட வேண்டும் என்பதால் நான் 19 என்று எழுதி அனுப்பினேன். அரசு விடுமுறைப் பட்டியலையும் பார்த்தேன். மற்ற ஊர்களின் சாமி கும்பிடு அந்தப் பட்டியலில் இருக்காது என்பது எனக்குத் தோன்றவில்லை. இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவளுக்கு இது தோன்றாமல் போனது என் தப்புதான். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

18ஆம் தேதி திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, மேலக்கரட்டுப்பட்டியிலிருந்து மலையம்மாள் என்பவர் அலுவலகத்துக்கு வந்தார். அவர் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர், முதலாண்டு மாணவி விஜியின் தாயார். அந்த ஊரிலிருந்து மட்டும் ஆறு பெண்கள் அந்த வகுப்பில் படிக்கிறார்கள். ஆறு பேரும் அம்மனுக்கு முளைப்பாரி போட்டுக் கையில் காப்புக் கட்டியிருப்பதாகவும், புதன்கிழமை முளைப்பாரியைக் கரைத்துக் காப்பை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்றும் சொன்னார். பிறகு அவர், “நாளைக்கு யாரோ பெரியவுக வாராகளாமே, அதை ரெண்டு நா தள்ளி வைக்கச் சொல்லுங்கம்மா” என்றார். வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். பாடத்தை மூடி, மதுரையில் வேறு கல்லூரியில் இடம் தருவார்கள் என்றேன். “மதுரைக்கெல்லாம் விஜி அப்பா விடமாட்டாக. டிசிய வாங்குனா மறுநா எங்கூட ஏலக்காட்டு ஜீப்புல ஏறவேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டு அழாமல் நின்றார். அவர் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பின் நான் முதல்வரிடம் சொன்னேன். அவர் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தார். 25ஆம் தேதி ஆட்சிக்குழு கூடுவதால் தேதியை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. முதல்வர் என்னிடம், “வராதவங்களை வரலைன்னு எழுதுவோம், வேற என்ன செய்ய?” என்றார். தாவரவியல் போனால் அந்த இடத்தில் சுயநிதியில் கணினிப் பாடம் தொடங்க நிர்வாகம் ஏற்கனவே விண்ணப்பம் எழுதி வைத்திருந்தது. தட்டச்சு செய்து கொடுத்ததே நான்தான். அதனால் அவர் முகத்தில் வருத்தம் தேடுவதில் பயனில்லை என்று எனக்குத் தெரியும்.

19ஆம் தேதி காலை பத்து மணிக்கு ஆய்வுக்குழுவினர் இருவர் வந்தார்கள். ஒருவர் தாவரவியல் பேராசிரியை சொர்ணலதா, மற்றவர் துணைப் பதிவாளர் சுந்தரலிங்கம். பன்னிரண்டு மணிக்குள் பதினேழு பேரைப் பார்த்து முடித்தார்கள். மீதி ஆறு பேர் எங்கே என்று பேராசிரியை கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். தேதி குறித்தது நான்தான் என்பதையும் சொன்னேன். நேரில் பார்க்க வேண்டும் என்று விதியில் இருக்கிறதே தவிர எந்த இடத்தில் என்று இல்லை என அவர் சொன்னார். மதுரைக்குத் திரும்பும் வழியில்தான் அந்த ஊர் இருக்கிறது. அசல் பதிவேடு அங்கே இருந்தால் இரண்டு மணிக்குக் காரை நிறுத்துவதாகச் சொன்னார். துணைப் பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார். முதல்வர், பதிவேடு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டு அவர்களைச் சாப்பிட அழைத்துப் போனார்.

அதன் பிறகு நான் பீரோவைத் திறந்து, பதிவேட்டை எடுத்து, மழைக்குப் பயந்து உரச்சாக்குத் தாளில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்தேன். “பதிவேட்டை நான் எடுத்துப் போகிறேன், மாலை ஐந்துக்குள் கொண்டுவருவேன், மதலேனாள்” என்று எழுதி, பீரோ சாவியையும் சேர்த்து முதல்வர் மேசையில் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்தேன். திருடுகிறவர்கள் சீட்டு எழுதி வைப்பார்களா என்பதைச் சார்பு ஆய்வாளர்தான் சொல்ல வேண்டும். வாசலில், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் குருசாமியின் ஜீப் சும்மா நின்றது. காலையில் தோட்டத்தில் ஆட்களை இறக்கிவிட்டு வந்து நிறுத்தியிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் வாடகை பேசாமல் வண்டியை எடுத்தார்.

ஒன்றரை மணிக்கு மேலக்கரட்டுப்பட்டி போய்ச் சேர்ந்தோம். ஊர் எல்லைக்கல் தார்ச்சாலையிலிருந்து பத்தடி உள்ளே இருக்கிறது. மலையம்மாள் ஓடிப் போய் ஆறு பேரையும் கூட்டி வந்தார். அவர்கள் கல்லுக்கு உள்ளே வரிசையாக நின்றார்கள். இரண்டு மணி ஆயிற்று, கார் வரவில்லை. இரண்டேகால் ஆயிற்று. என் வேலை போனாலும் பரவாயில்லை, கார் வந்தால் போதும் என்று மாதாவிடமும் கேட்டேன், அந்த ஊர் அம்மனிடமும் கேட்டேன்.

இரண்டு இருபதுக்குக் கார் வந்தது. துணைப் பதிவாளர் இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கி, பிள்ளைகளைக் கார் பக்கம் வரச் சொன்னார். அதற்கு மலையம்மாள், “பத்தடிதான் சார், ஆனா அவுக தாண்டக் கூடாது. நீங்க தாண்டலாம். இங்கன வாங்க” என்றார். பேராசிரியை அதற்குள் இறங்கி நடந்துவிட்டார். பிறகு துணைப் பதிவாளரும் இறங்கி வந்தார். குருசாமி ஜீப்பின் முகப்பைக் கல்லுக்கு உள்ளே நுழைத்து நிறுத்தினார். அதன் மேல் என் துண்டை விரித்துப் பதிவேட்டை வைத்தேன்.

பேராசிரியை விஜியிடம், முளைப்பாரி ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டார். விஜி தலை நிமிராமல், “இருட்டுக்குள்ள வச்சு வளக்கோம் மேடம். வெளிச்சம் படாம பச்சையம் பிடிக்காது. வெளிச்சத்தத் தேடித்தான் நெட்டநெட்டயா வளருது” என்றாள். மற்ற ஐந்து பேருக்கும் இதே கேள்விதான் என்று பேராசிரியை சொன்னார். நான்காவதாக நின்ற தேவயானி, “எங்க வீட்டுது ஒரு ஓரமா பச்சையா இருக்கு மேடம். பாத்தா மேல ஓடு விலகியிருக்கு” என்றாள். துணைப் பதிவாளர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அதன் பிறகு ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அன்று காலையில் காப்புக் கயிற்றுக்குப் புதிதாக மஞ்சள் தடவியிருந்ததால், எழுதும்போது மணிக்கட்டு பட்டு 41ஆம் பக்கத்தின் ஓரத்தில் மஞ்சள் படிந்தது. பாழாக்கியதாகப் புகாரில் சொல்வது இதைத்தான். எழுத்து ஒன்றுகூட அழியவில்லை, பக்கம் எதுவும் கிழியவில்லை. துணைப் பதிவாளர் அந்த மஞ்சளுக்குப் பக்கத்திலேயே தம் கையெழுத்தையும் தேதியையும் போட்டிருக்கிறார்.

மாலை நாலரை மணிக்குப் பதிவேட்டை முதல்வரிடம் ஒப்படைத்தேன். அதற்குள் அவர் புகார் கொடுத்துவிட்டார். மறுநாள் எனக்குத் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு தந்தார்கள். வாங்கிக்கொண்டேன். ஐந்து நாள் சரியாகத் தூங்கவில்லை. உத்தரவுக்காக அல்ல, 25ஆம் தேதிக்காக.

நேற்று மாலை பல்கலைக்கழகத்திலிருந்து கல்லூரிக்கு பேக்ஸ் வந்தது. இருபத்து மூன்று பேர் சரி, பாடம் தொடரலாம், உதவித்தொகை உண்டு என்று இருந்தது. அத்துடன் இனிமேல் ஆய்வுத் தேதி குறிக்கும் முன் மாணவர்களின் ஊர்த் திருவிழாக்களைக் கேட்டறிய வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். முதல்வர் வீட்டுக்கு ஆள் அனுப்பி, புகாரைத் திரும்பப் பெறுவதாகவும் திங்கட்கிழமை வேலைக்கு வரும்படியும் சொன்னார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. மனசு லேசாகிவிட்டது, கோபத்தை அதில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

புகாரை முடித்து வைக்க என் வாக்குமூலமும் வேண்டும் என்று நிலையத்திலிருந்து வரச் சொன்னார்கள். இன்று காலை இங்கே வரும் வழியில் கல்லூரிக்குள் ஒரு நிமிடம் போனேன். அம்மனுக்கு விதைத்தது போக மிச்சமிருந்த விதையை விஜி கொட்டாங்குச்சியில் முளைக்கப் போட்டுக் கொண்டுவந்து, தாவரவியல் ஆய்வகத்து ஜன்னலில் வெயில் படும்படி வைத்திருக்கிறாள். வைத்தபோது வெளுத்துக் கிடந்ததாம். நான் பார்த்தபோது முக்கால்வாசி பச்சை பிடித்திருந்தது.

நான் சொன்னதை எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் “திருடிச் சென்று” என்று எழுதியிருந்ததை “எடுத்துச் சென்று” என்று மாற்றச் சொன்னேன். சார்பு ஆய்வாளர் அடித்துத் திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டார். இப்போது இதில் உள்ளது எல்லாம் நடந்தது நடந்தபடி இருக்கிறது.

(ஒப்பம்) இ. மதலேனாள்