ஸ்விட்ச் வெளியே வரும்வரை கத்தி சூடாகாது

மேடையில் இருக்கும் கம்பெனி உரிமையாளர் சம்பந்தம் ஐயா அவர்களே, முன்வரிசையில் கலங்கி அமர்ந்திருக்கும் மகாலட்சுமி அண்ணி அவர்களே, செஞ்சித் தோழர்களே! வணக்கம்.

நம் கட்டிங் பிரிவு மேற்பார்வையாளர், மறைந்த அண்ணன் ஆதிமூலம் அவர்களை 'அமைதியானவர்' என்றார் எனக்கு முன்னால் பேசியவர். யார் அமைதியானவர்? கெட்ட வார்த்தை இல்லாமல் அண்ணன் ஒரு ஷிப்டை முடித்தது உண்டா?

பசை பூசிய நைலான் ஷீட்டைச் சுடுகத்தியால் வெட்டுகிறோம். ஓரம் உருகி மூடிக்கொள்ளும், நூல் பிரியாது. ஆனால் பசை கத்தியில் கருகி அப்பும். ஹீட்டரை அணைத்து, ஆறிய பிறகு துடைக்க வேண்டும். அமாவாசையன்று அதுவரை யார் காத்திருப்பது? மேல்மலையனூர் அம்மன் கோயில் ஸ்பெஷல் பஸ் போய்விடுமே! கொதிக்கும் கத்தியிலேயே தின்னர் நனைத்த துணியை வைப்பார்கள். பெட்ரோல் போலப் பற்றும் தின்னர்!

ஒருமுறை நம் கட்டிங் பையன் பாவாடை அப்படித் துடைக்கப் போனான். அண்ணன் உதைத்த உதையில் தின்னர் டப்பா சுவரில் மோதி நசுங்கியது.

"இன்னாடா, ஆத்தாவப் பாக்கப் போறியா, ஒரேடியா அவகிட்டயே போய்ச் சேரப் போறியா?"

"பஸ்ஸு போயிடும்ணே!"

"போவட்டும்டா! நீ போயிடாத!"

போன அமாவாசையன்று அண்ணன் குடோனில் இருந்தார். பாவாடை மறுபடியும் துடைத்தான். துணி குபீரென்று பற்றியது. உருகிய நைலான் நெருப்புச் சொட்டுகளாக விழுந்தது. ஓடிவந்த அண்ணன் அவன் சட்டையைப் பிடித்து வெளியே வீசினார். பல் உடைந்தது, உயிர் தப்பியது. கரண்ட்டை நிறுத்த அண்ணன் திரும்ப உள்ளே போனார். ஏன் போனார்? மெயின் ஸ்விட்ச் மெஷினுக்குப் பின்னால், தின்னர் டிரம் பக்கத்தில் இருக்கிறது! கதவுக்கு வெளியே மாற்றுங்கள் என்று நானும் அவரும் முன்பே பலமுறை கத்தினோம். "இந்த ஆர்டர் முடியட்டும்பா" என்றார் ஐயா. டிரம் வெடித்தது. அண்ணன் முகத்தை அண்ணிக்குக் காட்டக்கூட முடியவில்லை.

ஐயா, எரியாத இரண்டாவது மெஷின் திங்கட்கிழமை ஓடும் என்று இதே மைக்கில் சொன்னீர்கள். ஓடாது! அதன் ஸ்விட்சும் அதேபோல மெஷினுக்குப் பின்னால்தான் இருக்கிறது. பராமரிப்பு இன்ஜினியர் நான், ஹீட்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். ஸ்விட்ச் வெளியே வந்தால்தான் மாட்டுவேன். என்னைத் துரத்திவிட்டு வேறு ஆளை வைத்து மாட்டுவீர்களா? மாட்டினாலும் ஓட்ட ஆள் வேண்டுமே!

தோழர்களே, மௌன அஞ்சலிக்கு எல்லோரும் எழுந்து நிற்போம், அது சுலபம். அதற்கு முன்னால், திங்கட்கிழமை அந்த மெஷினைத் தொடமாட்டோம் என்பவர்கள் மட்டும் எழுந்திருங்கள்.

பாவாடை, எங்கே ஒளிகிறாய்? நீ முதலில் எழுந்திரு.