‘வந்துட்டேன்’ என்று என் தம்பி சொன்னது பற்றி

கூடுதல் வாக்குமூலம். என் பெயரும் முகவரியும் நான் முன்பு கொடுத்த வாக்குமூலத்தில் உள்ளபடியேதான், அதில் மாற்றம் எதுவும் இல்லை. வயது நாற்பத்தேழு. கணவர் இறந்துவிட்டார். சலவைக்கூடம் நடத்துகிறேன். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆப்பரேஷன் தியேட்டர் துணி இவற்றை எடுத்துவந்து துவைத்துத் தேய்த்துத் திரும்பக் கொடுப்பது எங்கள் தொழில். இன்று என்னை யாரும் அழைக்கவில்லை, நானாகவேதான் ஸ்டேஷனுக்கு வந்தேன். நான் பேசுவதைப் பேசுகிற மாதிரியே எழுத வேண்டும் என்று எழுத்தர் ஐயாவிடம் கேட்டேன், அவரும் சரி என்றார். போன தடவை அவர் என் பேச்சை நல்ல தமிழாக்கி எழுதினார், வினையே அதில்தான் வந்தது.

எங்கள் வேனை ஓட்டுவது என் உடன்பிறந்த தம்பி. அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை, நான்தான் வளர்த்தேன். ஆள் கெட்டவன் இல்லை. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் கண்மண் தெரியாது. சீட் பெல்ட் போடாவிட்டால் வண்டி கீச்கீச் என்று கத்துகிறது என்று, உடைத்துப்போட்ட கார் ஒன்றிலிருந்து பெல்ட்டின் கொக்கியை மட்டும் வாங்கி வந்து பெல்ட் மாட்டும் துளையில் சொருகிவிட்டான். வண்டி வாயை மூடிக்கொண்டது. “பாத்தியாக்கா, எப்படி அடக்கினேன்” என்று என்னிடமே பெருமை வேறு.

சாலைப் பாதுகாப்பு வாரத்தில் உங்கள் ஆட்களே எங்கள் கூடத்துக்கு வந்து, வேகம், போன் பேச்சு, தூக்கம், தேய்ந்த டயர் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினவன் இவன்தான். போகும்போது வேனின் பின்கதவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ‘இந்த வண்டி ஒழுங்காக ஓடுகிறதா? இல்லையென்றால் சொல்லுங்கள்’ என்று போட்டு, கீழே என் போன் நம்பர். அன்றிலிருந்து எனக்கு ஓயாமல் போன். ஒருவர், “உங்க வண்டி பள்ளிக்கூட வாசல்ல பறக்குதும்மா” என்றார். ஒரு அம்மாள், ஓட்டுகிறவனுக்குக் கண் முகத்தில் இருக்கிறதா முதுகில் இருக்கிறதா என்று கேட்டார். எல்லோருக்கும் “கண்டிக்கிறேங்க” என்றேன், கண்டிக்கவும் செய்தேன். அவன், “ஊர்ல வேற வேலை இல்லாதவங்கக்கா” என்பான். நானும் சிரித்துவிட்டுத் துணி பிரிக்கப் போய்விடுவேன்.

சம்பவத்தன்று சாயங்காலம் ஆஸ்பத்திரித் துணிக்கிடங்குப் பொறுப்பாளர் என்னை நேரில் வரச்சொல்லியிருந்தார். மறுநாள் ஆப்பரேஷனுக்குத் துணி போதாது என்று என்னை நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். எங்கள் வேன் ஒரு கிளினிக்கில் அழுக்குத் துணி எடுக்கப் போயிருந்தது. அது கூடத்துக்குத் திரும்பினால்தான் துவைத்த துணியை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியும். அதனால் தம்பிக்குப் போன் போட்டு, “எங்கடா இருக்க? கூடத்துக்கு வந்துட்டியா இல்லையா? இங்க என் மானம் போகுது” என்று கேட்டேன். அவன், “வந்துட்டேன்க்கா, வந்துட்டேன்” என்றான். “சீக்கிரமா ஏத்திக்கிட்டுப் பறந்து வா” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

போனைப் பைக்குள் போடுவதற்குள் மறுபடி அடித்தது. ஒரு கடைக்காரர் பேசினார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் தூறலில் சாலையைக் கடக்கும்போது, திருப்பத்தில் வேகமாகத் திரும்பிய வேன் அடித்துவிட்டு நிற்காமல் போகிறது, ஓட்டுகிற ஆள் முகம் தெரியவில்லை, பின்கதவில் இந்த நம்பர் இருக்கிறது என்றார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணை நான் நின்ற ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் விரித்திருந்த விரிப்பின் ஓரத்தில் எங்கள் கூடத்து அடையாளமான நீல நூல் இருந்தது. அந்த விரிப்பு மறுநாள் துவைக்க எங்களிடம்தான் வந்தது, யாரையும் தொடவிடாமல் நானே தனியாகப் போட்டுத் துவைத்தேன்.

சம்பவத்தன்றே நீங்கள் கூடத்துக்குப் போனபோது, மூட்டை தூக்கும் ஆள் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார், சாவி அவர் இடுப்பில் இருந்தது, இடதுபக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. அவருக்கு லைசென்ஸ் கிடையாது, முற்றத்துக்குள் மட்டும் வண்டியை முன்னே பின்னே நகர்த்துவார். தான் முன்னமே வந்து சாவியைக் கொடுத்துவிட்டதாகவும், டீசல் போட வண்டியை எடுத்துப்போனது அவர்தான் என்றும் என் தம்பி சொன்னான். அவர், “நான் ஓட்டலைங்க” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைப் பிடித்துவந்து உள்ளே வைத்தீர்கள்.

அன்று என்னை விசாரித்தபோது, விபத்துக்குக் கொஞ்சம் முன்னால் போனில் தம்பி என்ன சொன்னான் என்று கேட்டீர்கள். வந்துட்டேன்னு சொன்னான் என்றேன். எழுத்தர் ஐயா, ‘தான் கூடத்திற்கு வந்து சேர்ந்துவிட்டதாக என் தம்பி தெரிவித்தார்’ என்று எழுதிப் படித்துக் காட்டினார். ஸ்ட்ரெச்சரில் கண்டது கண்ணை விட்டுப் போகாமல் இருந்த நேரம், நான் சொன்னதும் அவர் எழுதினதும் காதுக்கு ஒன்றாகத்தான் பட்டது, சரி என்றேன்.

ஐயா, வந்த பிறகு யார் வந்துட்டேன் என்கிறார்கள்? தலையில் சோப்பு நுரையோடு குளித்துக்கொண்டிருப்பவனைக் கூப்பிட்டால் வந்துட்டேன் என்பான். இன்னும் சட்டையே மாட்டாதவன் வந்துட்டேன் என்பான். சற்று முன்பு பெரிய ஐயா உள்ளே இருந்து கூப்பிட்டபோது, எழுத்தர் ஐயாவே நாற்காலியை விட்டு எழாமல் “வந்துட்டேன் சார்” என்றார். இதையுமா எழுத வேண்டும் என்று கேட்டார். எழுதத்தான் வேண்டும் என்றேன். என் தம்பி வாயில் அந்த வார்த்தைக்கு இன்னும் வரவில்லை என்றுதான் அர்த்தம். அவன் அதைச் சொல்லும்போது போனில் இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. முற்றத்தில் நிற்கிற வண்டிக்கு எதற்கு இண்டிகேட்டர்? அவன் அந்தத் திருப்பத்தில்தான் இருந்தான். ஒரு கையில் போன் இருந்தது, அந்தப் போனில் நான் இருந்தேன்.

மூட்டை தூக்குபவரின் மனைவி என்னிடம்தான் இஸ்திரி போடுகிறாள். மறுநாளும் வேலைக்கு வந்தாள். யாரையும் குறை சொல்லவில்லை. சாயங்காலம் ஒரு சின்னப் பையைக் கொடுத்து, “அக்கா, அவருக்கு சுகர் மாத்திரை. ஸ்டேஷன்ல குடுக்க விடுவாங்களா?” என்று கேட்டாள். நான் அதைத் தம்பியிடம் நீட்டி, கொண்டுபோகச் சொன்னேன். அவன் கை நீட்டவில்லை, அங்கே போக மாட்டேன் என்றான். ஏன்டா என்றேன். “நான் வந்து சேந்துட்டேன்னு நீயே எழுதிக் குடுத்துட்டியேக்கா, அதோட விடேன்” என்றான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கையில் இருந்த ஈரத் துண்டால் அவனை நாலு சாத்து சாத்தினேன். இவ்வளவு பெரிய ஆள், தடுக்கக்கூட இல்லை, அப்படியே சுவரோரம் உட்கார்ந்து அழுதான்.

அதன் பிறகு எல்லாவற்றையும் சொன்னான். அந்தப் பெண்ணைக் கடைசி நொடியில்தான் பார்த்தானாம், பிரேக்கை மிதித்தும் ஈரத்தில் வண்டி இழுத்துக்கொண்டு போய்விட்டதாம், பயத்தில் நிறுத்தவில்லையாம். கூடத்துக்குள் வந்ததும் சாவியைக் கொடுத்துக் கழுவச் சொன்னானாம், அந்த மனிதர் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லையாம். “நம்ம அழுக்கை அவர் கையில குடுத்துக் கழுவச் சொன்னியாடா” என்று கேட்டேன். ஜாமீன் எடுத்துவிடலாம், அவர் குடும்பத்தை நாம் பார்த்துக்கொள்ளலாம் என்றான். நீயாகப் போய்ச் சொல்லிவிடு, நானும் கூட வருகிறேன் என்று கெஞ்சினேன். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தான். இன்று அவரை மறுபடியும் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று அவர் மனைவி சொன்னாள். அந்த மருந்துக்கடைப் பெண்ணுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை, அவள் கண் விழித்தாலும் யார் ஓட்டினது என்று அவளுக்குத் தெரியப்போவதில்லை. தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் வாயை மூடிக்கொண்டால் என் தம்பி வீட்டில் இருப்பான், ஒரு பாவமும் அறியாதவர் ஜெயிலில் இருப்பார். என் பிள்ளை மாதிரி வளர்த்தவனை என் வாயாலேயே காட்டிக்கொடுக்கிறேன், எனக்கு இது தாங்கவில்லை. ஆனாலும் வேனை ஓட்டியது என் தம்பிதான்.

பறந்து வா என்று சொன்னது நான்தான், அதற்கு ஏதாவது சட்டம் இருந்தால் அதையும் என் மேல் போடுங்கள் என்று கேட்டேன். அப்படி எதுவும் இல்லை என்று அதிகாரி சொன்னார்.

வேனைத் திரும்ப வாங்கக் கையெழுத்து போட வேண்டும் என்று பொய் சொல்லித்தான் தம்பியைக் கூட்டிவந்திருக்கிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். நான் உள்ளே என்ன பேசுகிறேன் என்று அவனுக்குத் தெரியாது. நான் போகும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் போக வேறு வாசல் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரே வாசல்தான் என்றார்கள்.

இந்தத் தடவை நானே படித்துப் பார்த்துத்தான் கையெழுத்து போடுவேன் என்றேன். மூக்குக்கண்ணாடி என் கைப்பையில், கைப்பை தம்பியிடம். பெண் காவலர் போய் வாங்கிவந்தார். கண்ணாடியோடு ஒரு தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்தார். “உங்க தம்பி குடுத்தாரும்மா. அக்கா பேச ஆரம்பிச்சா தண்ணி குடிக்க மறந்துடுவா, குடிக்கச் சொல்லுங்கன்னாரு” என்றார். நான் தண்ணீரைக் குடித்தேன்.

மேலே உள்ளதைக் கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாக நானே படித்தேன். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவைக்கவில்லை. சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. முந்தைய வாக்குமூலத்தில் ‘வந்து சேர்ந்துவிட்டதாக’ என்று உள்ளதை அடித்துவிடச் சம்மதித்துக் கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்)
வேன் ஓட்டியவரின் அக்கா