அட்ஜஸ்ட் என்று நான் சொன்னது

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவை முதல் தாளில் எழுதியபடி சரி. வயது ஐம்பத்து மூன்று. பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் தராசு விற்கும், பழுது பார்க்கும் கடையை இருபத்திரண்டு வருடமாக நடத்தி வருகிறேன். தராசுக்காரர் என்று கேட்டால் யாரும் கடையைக் காட்டுவார்கள். உரிமம் என் பெயரில் உள்ளது. ரிப்பேர் வேலை முழுவதையும் பதினோரு வருடமாக என் மனைவியின் தம்பி பார்க்கிறான்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியளவில் பழைய இரும்புக்கடைக்காரர் தன் எலக்ட்ரானிக் தராசை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். அவர் நாலரை அடி ஆள். எண் காட்டும் பெட்டி உயரமான கம்பத்தில் இருப்பதால் ஒவ்வொரு எடைக்கும் ஸ்டூல் மேல் ஏற வேண்டியிருக்கிறது என்றார். நான், "உங்களை வளர்க்க என்கிட்ட ஸ்பேனர் இல்ல, கம்பத்தை வேணா இறக்கித் தரேன்" என்றேன். அதன் பிறகு, மச்சினன் டீ குடிக்கப் போயிருந்ததாலும் எனக்கு வங்கிக்குப் போகும் அவசரம் இருந்ததாலும், அவன் போனுக்கு, "மாப்ளே, இரும்புக்கடைக்காரர் தராசு உள்ள இருக்கு, அவருக்கு ஏத்த மாதிரி அட்ஜஸ்ட் பண்ணிக் குடுத்துடு" என்று பேசி அனுப்பிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது தராசு போய்விட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை எடை ஆய்வாளர் இரும்புக்கடையில் சோதனை போட்டபோது, பத்து கிலோ படிக்கல்லுக்கு அந்தத் தராசு ஒன்பது கிலோ காட்டியதாகவும், முத்திரை உடைந்திருந்ததாகவும், கடைக்காரர் என்னைக் கைகாட்டியதாகவும் அறிந்தேன். அதன் பிறகு என்னையும் மச்சினனையும் இந்தக் காவல் நிலையத்துக்குக் கூட்டிவந்து, போனில் இருந்த பேச்சை மூன்று தடவை போட்டுக் காட்டினார்கள். குரல் என்னுடையதுதான்.

என் வாக்குமூலத்தை எழுதும் எழுத்தர் முதலில் "தராசைச் சரிக்கட்டச் சொன்னேன்" என்று எழுதினார். சரிக்கட்டுவது ஆளைத்தான், தராசை அல்ல என்று அடிக்கச் சொன்னேன். அதன் பிறகு "திருத்தச் சொன்னேன்" என்று எழுதினார். அது இன்னும் மோசம் என்று அதையும் அடிக்கச் சொன்னேன். "தமிழ்ல எழுதணும்யா, ஏதாவது ஒரு வார்த்தை சொல்லித் தொலைங்க" என்றார். எனக்குக் கிடைக்கவில்லை. பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளும் இதைச் சொல்லித்தான் உட்காருகிறான். சைக்கிள் பிரேக்குக்கும் இதுதான். புகுந்த வீட்டுக்குப் போகும் மகளுக்கும் இதைத்தான் சொல்லி அனுப்புகிறோம். மூன்று மணி நேரமாக என்னைக் கால் ஆடும் பெஞ்சில் உட்கார வைத்து, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றவர் இதே எழுத்தர். அதற்காக நான் எந்த முத்திரையையும் உடைக்கவில்லை. இதையும் எழுதச் சொல்லி எழுத வைத்தேன்.

அதன் பிறகு தராசைக் கொண்டுவந்து வைத்தார்கள். கம்பம் ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை. மச்சினனிடம், "கம்பத்தைத்தானேடா சொன்னேன்?" என்று கத்தினேன்.

"கம்பம்னு நீங்க சொல்லவே இல்ல மாமா. போன வருஷம் மீன்கடைக்காரருக்கும் இதே வார்த்தையத்தான் சொன்னீங்க. அன்னிக்கு நான் கம்பத்தை இறக்கி வச்சேன். கூறுகெட்டவனே, எதுக்குச் சொல்றேன்னு புரியலையான்னு திட்டினீங்க."

அது உண்மை. மீன்கடைத் தராசைக் கிலோவுக்கு ஐம்பது கிராம் கூடக் காட்டும்படி வைக்கத்தான் அன்று சொன்னேன். பச்சையாகச் சொல்ல வாய் வராததால் அந்த வார்த்தையைச் சொன்னேன். பிற்காலத்தில் யாராவது கேட்டால் தப்பிக்க வசதியாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

அதன் பிறகு நிலைய இன்ஸ்பெக்டர் என்னைத் தனியே அழைத்து, "அவன் தானாச் செஞ்சான்னு எழுதிடுவோம், உங்க உரிமமாவது மிஞ்சும்" என்றார். என் மனைவி அப்போது வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே இருப்பவர்களில் யாருக்காக வந்தாய் என்று நான் அவளைக் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தேன். இரும்புக்கடைத் தராசில் நான் நினைத்தது கம்பம் மட்டும்தான். ஆனால் பதினோரு வருடத்தில் என் மச்சினன் நான் சொல்லாமல் ஒரு திருகாணியைக்கூடத் திருப்பியதில்லை. செவ்வாய்க்கிழமையும் திருப்பவில்லை. எனவே அவன் தானாகச் செய்தான் என்று எழுத நான் சம்மதிக்கவில்லை.

எழுதியதை எழுத்தர் உரக்கப் படிக்கக் கேட்டேன். அட்ஜஸ்ட் என்பது நான் சொன்னபடியே இருக்கிறது, மற்றவை நடந்தபடி இருக்கின்றன. யாரும் மிரட்டவில்லை. மீன்கடைத் தராசு இன்றும் அதே கணக்கில்தான் நிறுத்துக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லி, அதன் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)