சேகு முகம்மது மகன் சூசை

— ஸ்கூல் ஆபீஸ் கதவைச் சாத்திட்டேன் கிராணியாரே, கோவிச்சுக்காதீங்க. வெளிய தோரணம் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. நான் பேசுறது ஒருத்தர் காதுலயும் விழக்கூடாது.

— பொறுங்க யூனுஸ் நானா, முதல்ல உக்காருங்க. ஜவுளிக்கடையில ஏதும் களவு போயிருச்சா?

— கடையே போனாலும் அழ மாட்டேன். நாளைக்கு ஸ்கூலோட நாப்பதாம் வருஷ விழாவுல, முதல் வருஷம் படிச்சவங்க பேரையெல்லாம் வாசிக்கப் போறீங்களாமே, நெசமா?

— நெசம்தான். பேரு, தகப்பன் பேரு, குடியிருந்த கம்பம், மூணையும் வாசிக்கணும்னு பாதிரியார் உத்தரவு. உயிரோட இருக்கிறவங்க எழுந்து நிக்கணும். பொறுங்க, அதைப் பத்தித்தான் நானே உங்களை...

— குறுக்க பேசாதீங்க. நிறுத்தினா எனக்குத் தைரியம் போயிரும். என்னை இங்க சேர்க்க வந்தப்ப, வேதக்காரப் பேரு இல்லாத பையனைப் பாதிரியார் சேர்க்க மாட்டாருன்னு யாரோ எங்க வாப்பாகிட்ட சொல்லிட்டாங்க. துணி மூட்டை சுமந்து வித்த மனுசன், நம்பிட்டாரு. ஸ்கூல் வாசல்ல என்னை நிறுத்தி, இன்னையிலேருந்து உம் பேரு சூசைன்னாரு. நாலு வருஷம் இங்க சூசை, வீட்டுல யூனுஸ். உம்மாவுக்குக்கூடத் தெரியாது.

— எனக்குத் தெரியும் நானா. ரிஜிஸ்டர்ல பாத்தேன். சேகு முகம்மது மகன் சூசை, காஜா பெராங் கம்பம். தகப்பன் பேரை மாத்த அவருக்குத் தோணல போல.

— அவருக்குப் பொய் சொல்ல அவ்வளவுதான் தெரியும்.

— ஆனா யாரும் கேக்கலையே நானா. அதே பக்கத்துல சீனப் பையன் சீனப் பேர்லயே இருக்கான், மலாய்க்காரப் பையன் மலாய்ப் பேர்லயே இருக்கான். பேரை மாத்துன்னு எந்தப் பாதிரியாரும் சொன்னதில்ல.

— அப்ப இத்தனை வருஷமும் சும்மாவா பயந்தேன்?

— சும்மாதான்.

— இதை இப்பப் போயி யாருகிட்ட சொல்றது, யாரு நம்புவா? வெள்ளிக்கிழமை எம்மவ மஜீதாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளையோட வாப்பா நெய்னா மரைக்காயர் பள்ளிவாசல் நிர்வாகி. நாளைக்கு முன்வரிசையில எம்பக்கத்துலதான் உக்காருவாரு. காஜா பெராங்குல சேகு முகம்மது ஒருத்தர்தான். ஒளிஞ்சு வேதத்துல சேந்த குடும்பம்னு அவரு எந்திரிச்சுப் போயிட்டா, அப்புறம் எம்மவளை யாரு கட்டுவா?

— பொறுங்க, பொறுங்க. அழாதீங்க.

— அந்தப் பக்கத்தைக் கிழிச்சிருங்க.

— ரிஜிஸ்டர்ல கை வைக்க மாட்டேன் நானா. அது மட்டும் கேக்காதீங்க.

— அப்ப அந்த ஒரு பேரை வாசிக்காம விட்டுருங்க. சூசை செத்துட்டான்னு சொல்லுங்க. நான் வராமலே இருந்துக்குறேன், காய்ச்சல்னு.

— விட முடியாது. நாளைக்கு வாசிக்கிற பட்டியலை நேத்தே மரைக்காயர் பாத்துட்டாரு.

— யா அல்லா.

— நான்தான் கொண்டு போயிக் காட்டினேன். பழைய ஆளுங்க யாரு எங்க இருக்காங்கன்னு அவருக்குத்தான் தெரியும்னு எல்லாரும் சொன்னாங்க. உங்களுக்கு அவரு சம்பந்தின்னு எனக்கு அப்பத் தெரியாது. மன்னிச்சுக்குங்க.

— முடிஞ்சுது. எம்மவ வாழ்க்கை முடிஞ்சுது. என்ன சொன்னாரு? மறைக்காதீங்க கிராணியாரே, எதுவானாலும் சொல்லிருங்க.

— அந்த ஒரு வரியில விரலை வச்சாரு. அப்புறம் என் பேனாவைக் கேட்டாரு.

— எதுக்கு?

— பட்டியல்ல சூசையை அடிச்சுட்டு, யூனுஸுன்னு எழுதினாரு. 'எங்க சம்பந்தியை அவரு பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க கிராணி, இல்லைன்னா மனுசன் பயத்துல எந்திரிக்கவே மாட்டாரு'ன்னாரு.