சமதள நடை

மழையில் நடக்கப் போகிறவர் கான்வாஸ் ஷூ போடவே கூடாது, தட்சிணாமூர்த்தி சார். நனைந்தால் குதிகாலில் கொப்புளம் வரும். தாம்பரம் நடைச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில், பதினோரு வருஷமாக இதை நான் சுற்றறிக்கையில் எழுதி வருகிறேன். எட்மண்டிடம் மட்டும் தனியாக, முழங்கால் வரை வரும் கம்பூட் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். நான் சொல்லி அவர் கேட்ட ஒரே விஷயம் அதுதான்.

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் காப்பி நன்றாக இருக்கிறது. சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் சங்கம் சின்னது. கணக்கு வாத்தியாரான நான், ரயில்வே குமாஸ்தா பக்தவச்சலம், டைப்பிஸ்ட் ஹில்டா, இன்னும் ஏழெட்டுப் பேர். இரண்டாம் சனிக்கிழமைதோறும் நடை. முந்தின நாள் செயலாளர் தனியே போய் வழியைப் பார்த்துவிட்டு வர வேண்டும். அது விதி நான்கு. குறுக்கு வழியில் யாரும் போகக்கூடாது. அது விதி ஆறு. எல்லா விதியும் நான் எழுதியவை.

எட்மண்ட் ஜூன் மாதம் வந்து சேர்ந்தார். மருந்துக் கம்பெனி ஆள், சிரித்த முகம். நாங்கள் ஒழுங்காக வளைந்து நடந்து போய்ச் சேரும்போது, அவர் குறுக்கே வெட்டிக்கொண்டு போய் டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார்.

"வாங்க செக்ரட்டரி சார். வழியில படுத்துத் தூங்கிட்டீங்களோன்னு பயந்தே போயிட்டேன்" என்பார்.

எல்லோரும் சிரிப்பார்கள். ஹில்டா கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பாள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

அக்டோபரில் பக்தவச்சலம் குடைக் கம்பியைத் தடவிக்கொண்டே சொன்னார். "தப்பா நினைக்காதீங்க சார். அடுத்த வருஷத்துக்கு எட்மண்டை செக்ரட்டரியா போடலாம்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. நவம்பர் நடை முடிஞ்சதும் டீக்கடையிலேயே கை தூக்கிடலாம்."

பதினோரு வருஷத்துக்கு டீக்கடையில் முடிவு கட்டுவார்களாம். சரி என்றேன்.

நவம்பரில் பச்சைமலை ஏறுவதாக இருந்தோம். மழை விடவில்லை. வழுக்குப் பாறையில் யாருக்காவது கால் முறிந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான். ஆகவே மலை வேண்டாம், முடிச்சூர் ஏரிக்கரையில் சமதள நடை போதும் என்று மாற்றினேன். என் முன்ஜாக்கிரதையை ஹில்டா பாராட்டினாள்.

வெள்ளிக்கிழமை, விதி நான்கின்படி வழி பார்க்கப் போனேன். கரைக்குக் கீழே வயல் பூராவும் முழங்கால் தண்ணீர். வரப்பு வெட்டிக்கொண்டிருந்த கங்கம்மா நிமிர்ந்து பார்த்துக் கத்தினாள்.

"சார், கரை மேலயே போங்க. அந்தாண்ட எங்க கெணறு ரொம்பி வயலோட வயலா கீது, கண்ணுக்கே தெரியாது. அதான் கம்பு நட்டு என் பொடவ கிழிசலைக் கட்டி வச்சிகீறேன். மாடு வுழுந்துட்டா இன்னா பண்றது?"

சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. ஏரிக்கரை அங்கே வில் மாதிரி வளைகிறது. ஒரு முனையில் மதகு, மறு முனையில் டீக்கடை. மதகில் நின்று டீக்கடைப் புகைக்கு மனதுக்குள் ஒரு நேர்கோடு போட்டேன். கிணறு கோட்டின் மேலேயே இருந்தது. விடை இவ்வளவு சுத்தமாக வருவது கணக்கில் அபூர்வம்.

சனிக்கிழமை விடிந்ததும் போய், கம்பைப் பிடுங்கிக் கரையோரத் தாழம்புதரில் சொருகிவிட்டு, எல்லோரும் கூடும் ரயில்வே ஸ்டேஷனுக்குத் திரும்பினேன். மழையால் நான்கு பேர்தான் வந்திருந்தோம். ஏரிக்கு வந்ததும் மதகருகே எல்லோரையும் நிறுத்தி விதி ஆறை உரக்க வாசித்தேன். இன்று ஒருவரும் குறுக்கே இறங்கக் கூடாது என்று தனியாகவும் சொன்னேன். பக்தவச்சலமும் ஹில்டாவும் சாட்சி.

எட்மண்ட் சல்யூட் அடித்தார். "ரூல்ஸ் உங்களுக்கு, டீ எனக்கு. ஆர்டர் பண்ணி வைக்கிறேன் சார், ஆறிப்போறதுக்குள்ள வந்து சேருங்க."

குடையோடு தண்ணீரில் இறங்கி நடந்தார். நூறடி போயிருப்பார். பிறகு குடை மட்டும் மிதந்தது.

பக்தவச்சலம் பாயப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். "உமக்கு நீச்சல் தெரியாது. வீட்டுல ரெண்டு பொம்பளைப் பிள்ளை இருக்கு. ஊருக்குள்ள ஓடிக் கயிறு கொண்டு வாரும்." ஹில்டாவையும் கூட அனுப்பினேன். ஊர் அரை மைல்.

எனக்கு நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. நான் தாமிரபரணிக் கரையில் பிறந்தவன், சார். கேட்டிருந்தால் மறைத்திருக்க மாட்டேன்.

கம்பூட்டில் தண்ணீர் நிறைந்தால் கால் கல்லாகிவிடும். எட்மண்ட் இரண்டு தடவை மேலே வந்தார். முதல் தடவை "சார்" என்றார். இரண்டாம் தடவை "அண்ணா" என்றார். ஆறு மாதப் பழக்கத்தில் அந்த மரியாதை அன்றைக்குத்தான் கிடைத்தது. ஆனால் விதி ஆறு செயலாளருக்கும் பொருந்தும். கரையிலேயே நின்றேன்.

எல்லாம் அடங்கிய பிறகுதான் விதியை மீறினேன், அதுவும் பொதுநலனுக்காக. அப்படியே விட்டால் மாடு விழும், பிள்ளைகள் விழும். கம்பை எடுத்துப்போய்ப் பழைய இடத்தில் நட்டேன். கங்கம்மாவின் கிழிசல் புதரில் எங்கோ நழுவிப் போயிருந்தது. கம்பு வெறுமனே நின்றால் யார் கண்ணில் படும்? என் கைக்குட்டையைக் கட்டினேன். நல்ல வெள்ளை, தூரத்திலிருந்தே தெரியும்.

கயிற்றோடு ஓடி வந்தவர்களில் கங்கம்மாவும் இருந்தாள். அழுதுகொண்டே வந்தவள் கம்பைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இது என் துணி இல்லியே. இன்னாது இது, வெள்ளையா, மூலையில எழுத்தெல்லாம் போட்டு கீது?"

மூலையில் 'வே.சி.' என்று நீல நூலில் பின்னியது என் மனைவி தபீதாள். வேதசிரோமணி என்று முழுதாகப் பின்ன இடம் போதவில்லை. அதோ, உங்கள் மேஜைமேல் இருக்கிறது. வேலை முடிந்ததும் அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

கொஞ்சம் பொறுப்பில்லாதவனாக நான் இருந்திருந்தால் உங்களால் என்னைப் பிடித்திருக்கவே முடியாது, சார். எட்மண்டைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கிணற்றை ஆபத்தான நிலையில் விட்டுவிட்டு வந்தவன் என்று மட்டும் யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது.