தூக்குவாளிக்குள் ஜிபிஎஸ் வைத்த பெலிக்ஸ்

சின்ன மேடையில் தோளோடு தோள் இடித்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தலைமை தாங்கும் ஆதிகேசவன் அவர்களே, கணவரைப் பறிகொடுத்து முன்வரிசையில் கண் சிவந்து உட்கார்ந்திருக்கும் தங்கை ஜெஸ்ஸி அவர்களே, பந்தலில் இடமில்லாமல் வலைக் குவியல் மேல் ஏறிவிட்ட லைட்ஹவுஸ் குப்பத்து மக்களே! படகுக்கார அங்கமுத்துவின் வணக்கம்.

யார் போய்விட்டார்? பழவேற்காடு கடைத்தெருவின் மின்னணு மாமன்னர், வயர்லெஸ் வேந்தர், செட் ரிப்பேர் பெலிக்ஸ் போய்விட்டார்! அவர் கடையில் தும்மினால் ஆந்திரா வரைக்கும் ரேடியோக்கள் தானாகப் பாடும். மிகையா? கொஞ்சம்தான்.

போன வருஷம் நடந்ததை மறப்போமா? விடிகிற நேரம். கடலுக்கு மேல் வெள்ளை வெளிச்சம் ஒன்று சத்தமே இல்லாமல் நின்றது. அதன் கீழே இருந்த நம் படகுகளில் ஜிபிஎஸ் அவுட், வாக்கிடாக்கி அவுட், செல்போன் அவுட். வேற்றுக் கிரகத்து ஆள்தான் என்றேன் நான். வந்த வண்டி நம் கலங்கரை விளக்கத்தைவிட நூறு மடங்கு பெரிசு என்றும் சேர்த்துவிட்டேன். குப்பமே கடலுக்குப் போவதை நிறுத்தியது. மீன் ஏலம் போடுமிடத்தில் பூனைகூட இல்லை. மிக்சி நின்றதற்கும் அந்த வெளிச்சம்தான் காரணம் என்று நம் லோகநாயகி அதைத் தூக்கிக்கொண்டு பெலிக்ஸ் கடைக்கு ஓடினாள். பெலிக்ஸ் திறந்து பார்த்தார். உள்ளே கரப்பான்!

ஆனால் படகு செட்டுகளைப் பிரித்தபோது அவர் சிரிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"உப்புத்தண்ணி ஏறல மாமா. பேட்டரியும் நல்லாக்கீது. சிப்புதான் கருகியிருக்கு. ஆமா, எஞ்சின் நின்னுச்சா?"

"இல்லப்பா, அது பாட்டுக்கு ஓடுச்சு."

"இன்னா மாமா, அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தவனுக்கு ஒரு டீசல் எஞ்சினை நிறுத்தத் தெரியலையா? சிப்பு வெச்ச சாமான் மட்டும்தான் பூட்ச்சு. இது மின்காந்த ஆயுதம். அந்த வெளிச்சத்தைக் கீழ எறக்க எவனோ அலை அடிச்சிருக்கான். அடி அதுக்கு, காயம் நமக்கு."

"எவன்?"

"தெரியாது. வெளிச்சம் இன்னான்னும் தெரியாது. அதுக்காக அடுப்பை அணைச்சுட்டு உக்காருவியா?"

வழியும் அவரே சொன்னார். ஸ்பேர் ஜிபிஎஸ் ஒன்றை அணைத்து, எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டு இறுக மூடவேண்டும். உலோகம் அலையைத் தடுக்கும். நாம் என்ன செய்தோம்? ஓடுகிற செட்டையே உள்ளே வைத்து மூடினோம்! அதற்கு வானமே தெரியவில்லை. நம் மோகன்குமார் வழி தப்பிச் சிங்கப்பூரைத் தொட்டுவிட்டு வந்தான்!

"நானே வரேன்" என்று என் படகில் ஏறினார் பெலிக்ஸ். கடல் ஒத்துக்கொள்ளாத மனுஷன்! முகத்துவாரம் தாண்டுவதற்குள் அவருடைய முப்பாட்டன் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். ஒருநாள் வெளிச்சமும் வந்தது. செட்டுகள் அணைந்தன. பனிமூட்டத்தில் கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. நான் வாளியைத் திறக்கப் போனேன். படகோரத்தில் தலையைத் தொங்கவிட்டபடியே அவர் சொன்னார்: "அவசரப்படாத மாமா. வெளிச்சம் போவட்டும், அப்புறம் வாளியத் தொற." திறந்தோம். செட் உயிரோடிருந்தது. வழி காட்டியது. கரை சேர்ந்தோம்.

அவர் சொன்ன ஆயுதக் கதை நிரூபணமாகிவிட்டதா? இல்லை. "பொருந்துது மாமா, அவ்ளோதான்" என்றார். ஆனால் அன்றிலிருந்து நாம் சாப்பிட்ட ஒவ்வொரு கவளமும் அவர் போட்டது. நன்றி என்ற சொல் அதற்குப் போதுமா?

இப்போது என்ன பேச்சு? அவர் இறந்த மாலையும் அந்த வெளிச்சம் தெரிந்ததாம், பழி வாங்கிவிட்டதாம்! அடேய் பிள்ளைகளா, மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த மனுஷன் நெஞ்சில் இருந்தது இதயமடா, சிப்பு இல்லை!

சாவு விழுந்தால் குப்பம் கடலுக்குப் போகாது. அது மரியாதை. அடக்கம் முடிந்து ஒரு வாரமாகியும் படகெல்லாம் மணலில் நிற்கிறதே, அது மரியாதையா? பெலிக்ஸ் பெயரைப் போர்த்தி நம் பயத்தை மறைக்கலாமா? அவர் கடையை ஜெஸ்ஸி திறக்கிறார். படகுக்கு ஒரு தூக்குவாளி, அது இனி குப்பத்துச் சட்டம்!

நாளை விடிந்ததும் என் படகு இறங்கும். முதல் கூடை மீன் ஜெஸ்ஸி வீட்டுக்கு. கூட யார் வருகிறீர்கள்?

...இன்னாடா மோகன்குமார், தலையாட்டினா எப்படி? எழுந்து நின்னு சொல்லு, பின்னாடி இருக்கிறவனுக்கும் கேக்கட்டும்.

...ஜெஸ்ஸிம்மா, கேட்டுச்சா? மோகன்குமாரும் வரானாம். காலையில பெரிய பாத்திரமா எடுத்து வை.