சிலையின் வாயில் பாசி

கற்சிலையில் பிடித்த பாசியை எடுக்கப் பழைய பல் பிரஷ் போதும், ஐயா. சோப் போட்டால் கல் வெளுத்துவிடும். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு, பொகவந்தலாவைக்கு மேலே ஹோட்டலாக மாற்றிய பழைய துரை பங்களாவில் எனக்குக் கிடைத்த வேலை அது.

சிலை ஒரு கிரேக்கப் பெண். பெயர் கசாண்ட்ரா. வாய் திறந்தே இருக்கும். உள்ளே விரலை விட்டுத் துடைக்க எனக்குப் பயம். சமையல்காரர் பெரியதம்பி மாமாதான் அவள் கதையைச் சொன்னார்.

“வரப்போறத முன்னாடியே சொல்லுவா. ஒருத்தரும் நம்பமாட்டாங்க. அதான் வாய மூடாம நிக்கிறா.”

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விட்டிருந்ததை முதலில் பார்த்தவள் நான். அதிகம் பேசாத நானே மலை சரியும் என்று சொன்னதால் எல்லோரும் பயந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயில் மடத்தில் போய்ப் படுத்தார்கள். மழை விட்டது. மலை வரவில்லை.

அதற்குப் பிறகு பக்கத்து வீட்டு மீனம்மா அக்கா, தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் என்னைக் கண்டால் கேட்பார்: “என்னாடி கிருஷாந்தி, இன்னைக்கி மலை வருதா? உடுப்பு காயப் போடலாமா?” எல்லோரும் சிரிப்பார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. நானும் வாய் திறந்தபடி கல்லாகிவிடுவேன் என்று பயந்தேன். அடிக்கடி உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஐப்பசி மழை பிடித்ததும் வீடு வீடாகப் போய் மறுபடி சொன்னேன். விசாரிக்க வந்த நீங்கள் அதை எழுதிக்கொள்ள வேண்டும். மீனம்மா அக்கா சுடச்சுட ரொட்டி தந்தார். “தின்னுட்டுப் போய்த் தூங்கு, புள்ள” என்றார். நல்லவர்.

மறுநாள் காலை, காய்ச்சல் என்று சொல்லி அம்மாவையும் அழைத்துக்கொண்டு நோர்வூட்டுக்கு மருந்தெடுக்கப் போனேன். எனக்குக் காய்ச்சல் இல்லை. புறப்படும் முன், மழைத் தண்ணீர் லயத்துப் பக்கம் வராமல் ஒதுக்கிவிடும் கானை, உரப்பைகளில் மண் நிரப்பி அடைத்திருந்தேன். தண்ணீர் திரும்பி வெடிப்புக்குள் இறங்கியது. சத்தமே இல்லை.

மீனம்மா அக்காவையும் பிள்ளைகளையும் கடைசியாகத்தான் தோண்டி எடுத்தார்கள்.

இப்போது, தப்பியவர்களைத் தங்கவைத்திருக்கும் இந்தப் பாடசாலை மண்டபத்தில் யாரும் என்னைக் கேலி செய்வதில்லை. “இங்க இருக்கலாமாம்மா?” என்று பெரியவர்களே மெதுவாக வந்து கேட்கிறார்கள். மண்டபத்துக்குப் பின்னாலும் மலைதான். அங்கேயும் ஒரு கான் ஓடுகிறது; நேற்றே போய்ப் பார்த்துவிட்டேன்.

நான் சொன்னால் நீங்களாவது உடனே எழுந்து போய்விடுங்கள், ஐயா. இதுவரை ஒரு பொய்கூட நான் சொன்னதில்லை.